பிரஷர் குக்கர் நம் வீட்டுக்குள் வந்த கதை

இப்போது அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு காட்சி நிச்சயம் நினைவிருக்கும். வீட்டில் முதன்முதலாகப் பிரஷர் குக்கரை அடுப்பில் ஏற்றிய நாள். பிள்ளைகளையெல்லாம் சமையலறையை விட்டு விரட்டியாகிவிட்டது. அம்மா மட்டும் உள்ளே. அவரும் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி, நிலைப்படியோரம் நிற்கிறார். குக்கர் முதலில் மெல்ல முனகுகிறது. அப்புறம் வெயிட் ஆடத் தொடங்குகிறது. திடீரென்று 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கூடத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி "முருகா!" என்கிறார்.

எங்கள் வீட்டுக்கு அது 1974-இல் வந்தது. மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த சமயம். டின்னைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றவன் நான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. குக்கர் இருந்தால் எண்ணெய் பாதியாகக் குறையும் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, அப்பா திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடையிலிருந்து வாங்கி வந்தார். வந்த குக்கர் மூன்று மாதம் பரணில் இருந்தது. "வெங்கலப் பானை இருக்கிறப்ப இது எதுக்கு? வெடிச்சுத் தொலைச்சா யார் பதில் சொல்றது?" என்பது அம்மாவின் கேள்வி. அப்பாவிடம் பதில் இல்லை.

பதில் அடுத்த வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு டீச்சர் குடியிருந்தார். இரண்டு வருடமாகக் குக்கரில்தான் சமைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பரணிலிருந்ததை இறக்கச் சொன்னார். துவரம்பருப்பைப் பாத்திரத்தின் பாதிக்கு மேல் போகாமல் போட்டார். மூடியைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்து, வெயிட் உட்காரும் குழாய் வழியாகப் பார்த்தார். அம்மாவையும் பார்க்கச் சொன்னார்.

"அக்கா, இந்த ஓட்டையில வெளிச்சம் தெரியணும். தெரியலைன்னா மூடவே மூடாதீங்க. அவ்வளவுதான் விஷயம்."

பிறகு மூடி, அடுப்பில் வைத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் பக்கத்திலேயே நின்றார். நாலடி தள்ளி அல்ல. ஆவி அடங்கி, மூடியைத் திறந்து, பருப்பை விரலால் மசித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார். மறுநாளிலிருந்து வெங்கலப் பானை பரணுக்குப் போனது.

ஒரு பொருளை 'நல்லது, வாங்கலாம்' என்று இன்னொருவருக்குச் சொல்வது எப்படி என்று நான் பார்த்த முதல் பாடம் அது. அந்தப் பாடத்தை நான் ஒரு முறை மறந்தேன். அதையும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் இந்தப் பாத்திரத்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால் 'இது நல்லதா, ஆபத்தா, யாரை நம்புவது?' என்ற கேள்வி குக்கரோடு கூடவே பிறந்தது.

லண்டனில் ஒரு விருந்து

குக்கரைக் கண்டுபிடித்தவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1647-இல் பிறந்தவர். படித்தது மருத்துவம், ஈடுபாடு முழுவதும் காற்று, ஆவி, வெற்றிடம் பற்றிய சோதனைகளில். பாரிஸில் ஹைகன்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடமும், பிறகு லண்டனில் ராபர்ட் பாயிலிடமும் வேலை பார்த்தார். பள்ளியில் 'பாயில் விதி' படித்திருப்போமே, அந்தப் பாயில்தான்.

1679-இல் பாப்பின் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். கனமான உலோகப் பானை. மூடியைத் திருகி இறுக்கிவிடலாம். ஆவி வெளியே போக வழி கிடையாது. அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'செரிக்க வைக்கும் கருவி'. கடினமான எலும்பைக்கூட மெழுகு போல ஆக்கிவிடும், வீணாகப் போகும் எலும்பிலிருந்து ஏழைகளுக்குச் சத்தான உணவு கிடைக்கும் என்பது அவர் வாதம்.

தத்துவம் எளிது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு தீயை ஏற்றினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர்தான் ஆவியாகப் போகும். ஆவியை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற, கொதிக்கும் சூடும் ஏறும். நம் வீட்டுக் குக்கரில் அது சுமார் 120 டிகிரி வரை போகிறது. இதற்கு நேர் எதிரான அனுபவமும் நம்மில் சிலருக்கு இருக்கும். ஊட்டிக்குப் போய்ச் சமைத்தவர்கள் 'பருப்பு வேகவே இல்லை' என்பார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகாமல் என்ன செய்யும்?

ஆவியை அடைத்தால் பாத்திரம் வெடிக்கலாம் என்பதும் பாப்பினுக்குத் தெரிந்திருந்தது. அதனால் மூடியில் ஒரு சிறு துளை வைத்து, அதன் மேல் எடை தொங்கும் ஒரு நெம்புகோலைப் பொருத்தினார். அழுத்தம் அளவு மீறினால் ஆவி அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். நம் குக்கரின் தலையில் ஆடுகிற வெயிட்டுக்குப் பாட்டன் அதுதான். பின்னாளில் நீராவி இயந்திரங்களுக்கும் அந்த யோசனையே காவல் நின்றது.

1681-இல் தன் கருவியைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதி வெளியிட்டார். ஆனால் புத்தகம் எழுதினால் மட்டும் ஊர் நம்பிவிடுமா? 1682 ஏப்ரல் 12 அன்று மாலை ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் சிலருக்கு, மீனும் இறைச்சியும் எல்லாமே அந்தக் கருவியில் சமைக்கப்பட்ட ஒரு விருந்து நடந்தது. அதில் சாப்பிட்டவர்களில் ஒருவர் ஜான் ஈவ்லின். பல ஆண்டுகள் விடாமல் நாட்குறிப்பு எழுதியவர். அன்று சாப்பிட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மிருதுவாகியிருந்தன. கரி மிகக் கொஞ்சமே செலவாயிற்று. எல்லாவற்றிலும் சுவையில் முதலிடம் புறாக்கறிக்கு என்பது அவருடைய தீர்ப்பு. அந்த விருந்தில் சிரிப்புக்கும் குறைவில்லை என்கிறார்.

யோசித்துப் பார்த்தால் பிரஷர் குக்கரைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய மதிப்புரைகளில் அது ஒன்று. எழுதியவர் கடைக்காரர் அல்லர். அந்தப் பாத்திரத்தில் வெந்ததைத் தின்று பார்த்துவிட்டு எழுதியவர். 340 வருடம் கழித்தும் அதைப் படித்தால் நம்பத் தோன்றுகிறது.

பாப்பினுக்கு அதனால் பெரிய லாபம் ஏதும் இல்லை. கடைசிக் காலத்தில் லண்டனில் வறுமையில் வாடி, 1713-ஐ ஒட்டி யாருக்கும் தெரியாமல் மறைந்து போனார்.

குக்கருக்கு முன்னால் ஒரு குக்கர்

பாப்பினின் கருவி வீட்டுச் சமையலறைக்குள் நுழைய இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. கனமும் விலையும் பயமும் அதை வெளியிலேயே நிறுத்தி வைத்தன. அலுமினியம் மலிவான பிறகுதான், 1938, 1939-இல் அமெரிக்காவில் வீட்டுக்கு ஏற்ற சிறு குக்கர்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கே ஆளாளுக்குக் குக்கர் செய்ய இறங்கினார்கள். மட்டமான சரக்கும் சந்தையில் புகுந்து, 'குக்கர் என்றால் வெடிக்கும்' என்ற கெட்ட பெயர் அங்கேயும் பரவியது.

அதே அமெரிக்காவில் 1936-இலேயே நுகர்வோர் சங்கம் ஒன்று பிறந்திருந்தது. கடைக்குப் போய்க் காசு கொடுத்துப் பொருளை வாங்குவார்கள். தங்கள் சோதனைக் கூடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். முடிவைத் தங்கள் பத்திரிகையில் எழுதுவார்கள். பத்திரிகையில் விளம்பரம் வாங்க மாட்டார்கள். நம் டீச்சர் செய்ததைத்தான் ஒரு பெரிய அமைப்பாகச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலோ பிரஷர் குக்கர் வருவதற்கு முன்பே 'குக்கர்' என்ற சொல் வந்துவிட்டது. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் 1910-ஐ ஒட்டி இக்மிக் குக்கர் என்று ஒன்றை உருவாக்கினார். உயரமான உருளை, அதற்குள் டிபன் கேரியர் போல அடுக்குப் பாத்திரங்கள், அடியில் கரித்தணல். அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனால் ஆவியில் மெதுவாக வெந்துகொண்டிருக்கும். நம் பக்கத்தில் அதே மாதிரியான ருக்மணி குக்கர் பல வீடுகளில் இருந்தது. பித்தளையில் பளபளவென்று நிற்கும். தனியாக அறை எடுத்துத் தங்கிய உத்தியோகஸ்தர்களுக்கும், வெளியூர்ப் பயணத்தில் வெளிச்சாப்பாடு சாப்பிடாதவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் அதில் அழுத்தம் கிடையாது. ஆவி தன் போக்கில் வெளியே போய்விடும். வெடிக்கும் என்ற பயமும் இல்லை. அவசரத்துக்கு உதவுவதும் இல்லை.

உண்மையான பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியது 1950-களின் கடைசியில். 1959-இல் பம்பாயில் ஹாக்கின்ஸ் தொடங்கியது. ஏறத்தாழ அதே சமயத்தில் டி.டி.கே. குழுமம் பெங்களூரில் பிரெஸ்டீஜ் குக்கரைச் செய்ய ஆரம்பித்தது. அதுவரை அவர்கள் இங்கிலாந்திலிருந்து தருவித்து விற்றார்கள். இரண்டுக்கும் மூடியில்தான் வித்தியாசம். ஒன்று வாயின் உட்புறமிருந்து அழுத்திக்கொண்டு நிற்கும் மூடி. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை திறக்க வராது. மற்றொன்று வெளியே உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் மூடி. எது மேல் என்று எங்கள் தெருவில் இரண்டு கட்சிகளே இருந்தன. எம்.ஜி.ஆர்., சிவாஜி விவாதத்துக்குச் சற்றும் குறையாத சூடு.

இரண்டிலும் இன்னொரு சின்னப் பாகம் உண்டு: சேஃப்டி வால்வு. அதன் நடுவில் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் ஓர் உலோகக் கலவையை அடைத்திருப்பார்கள். தண்ணீர் வற்றிப்போனாலோ, குழாய் அடைத்துக்கொண்டாலோ சூடு அளவு மீறும்; அப்போது அந்த உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடும். பாத்திரம் பிழைக்கும், பக்கத்தில் நிற்பவரும் பிழைப்பார். பெருவிரல் நுனி அளவுள்ள அந்தத் துண்டுதான் குக்கரின் உயிர்நிலை.

மூன்று விசில்

அப்படியும் குக்கர் எளிதாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கஞ்சி வடிக்காத சோறு உடம்புக்கு ஆகாது என்றார்கள். குக்கர் சாதம் பசி தாங்காது, பழையதுக்கு ஆகாது என்றார்கள். மாட்டுக்குக் கஞ்சித்தண்ணி எங்கே போவது என்று கேட்டார்கள். இதில் சிலது நியாயம்தான். வெங்கலப் பானையில் வடித்த சோற்றின் பதம் குக்கரில் வராது என்று இன்றும் நான் சொல்வேன்.

பழக்கத்தை மாற்றியது எரிபொருள்தான். கரியடுப்பிலும் விறகடுப்பிலும் குக்கரை வைப்பது பெரும்பாடு. தீயைச் சட்டென்று தணிக்க முடியாது. திரி ஸ்டவ் வந்தது, 1965-க்குப் பிறகு இண்டேன் சிலிண்டரும் ஊர் ஊராக வரத் தொடங்கியது. 1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், உலகம் முழுக்கவே எண்ணெய் விலை ஏறியதும், சிக்கனம் என்பது தேசிய மந்திரமாயிற்று. 1978-இல் எண்ணெய்ச் சிக்கனத்துக்கென்றே மத்திய அரசு ஓர் அமைப்பைத் தொடங்கியது. 'தீயைக் குறைத்து வையுங்கள், பாத்திரத்தை மூடிச் சமையுங்கள், பிரஷர் குக்கரைப் பயன்படுத்துங்கள்' என்ற பிரசாரம் நினைவிருக்கலாம்.

நம்மவர்கள் குக்கரைத் தங்கள் வழக்கப்படி திருத்திக்கொண்டதும் உண்டு. குக்கரோடு வரும் புத்தகத்தில் எந்தப் பொருளுக்கு எத்தனை நிமிடம் என்றுதான் போட்டிருக்கும். அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை; காதைத் தீட்டிக்கொண்டார்கள். பருப்புக்கு மூணு விசில், கொண்டைக்கடலைக்கு ஆறு விசில் என்று ஒரு கணக்கு தானாக உருவாயிற்று. எந்தப் புத்தகமும் சொல்லாமல், ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய், நாடு முழுக்கப் பரவிய கணக்கு அது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு அதில் ஒரு வேலையும் கிடைத்தது: "எத்தனை விசில் ஆச்சுன்னு எண்ணிக்கிட்டே இருங்க." எண்ணத் தவறிய நாட்களைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரை.

முத்திரை

ஒரு தெருவில் ஒரு டீச்சர் இருப்பார். எல்லாத் தெருவிலும் இருப்பாரா? அந்த இடத்தை நிரப்பத்தான் முத்திரை வந்தது.

இந்தியத் தர நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ., 1947 ஜனவரியில் தொடங்கியது; சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்னால். 1952-இல் முத்திரைக்கான சட்டம் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணிட்ட தர விதி எழுதினார்கள். வீட்டுப் பிரஷர் குக்கருக்கான விதியின் எண் ஐ.எஸ். 2347. தகட்டின் கனம், மூடியின் பிடிப்பு, எந்த அழுத்தத்தில் வெயிட் தூக்க வேண்டும், எப்போது சேஃப்டி வால்வு திறக்க வேண்டும், கைப்பிடி எவ்வளவு தாங்க வேண்டும் என்று வரிசையாகச் சோதனைகள். தண்ணீரை நிரப்பி, சமைக்கும்போது ஏறும் அழுத்தத்துக்கு மிக மேலே கொண்டுபோய்ப் பாத்திரம் தாங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். யாரோ ஒருவர் ஒரு கூடத்தில் நமக்காக அடுப்பின் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்பதற்குச் சாட்சிதான் அந்தச் சின்ன முத்திரை.

ஆனால் முத்திரை வாங்குவது நெடுங்காலம் தயாரிப்பாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே பல பொருள்களுக்கு இருந்தது. வாங்குகிறவரும் அதைத் தேடிப் பார்த்தால்தான் உண்டு. நான் தேடிப் பார்க்கவில்லை. இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1985. தங்கைக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். தனிக்குடித்தனம் போனார்கள். குக்கர் வாங்க வேண்டும், எது நல்லது என்று என்னைக் கேட்டாள். ஊரில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு ஸ்டாலில் பெயர் கேள்விப்படாத குக்கர். பெயர் பெற்றவற்றை விட எழுபது ரூபாய் குறைவு. ஒருவர் மைக் வைத்துக்கொண்டு அருமையாகப் பேசினார். கேட்டுவிட்டு வந்து, "இதுவே போதும், பேருக்கு எதுக்குக் கூடக் காசு குடுக்கணும்? நல்லாத்தான் இருக்கு, தைரியமா வாங்கு" என்று தங்கையிடம் சொன்னேன். நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னால் சரி என்று அவள் வாங்கினாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலைவேளை. பருப்பு நுரைத்து மேலே வந்து குழாயை அடைத்துவிட்டது. விசில் வரவில்லையே என்று அவள் அடுப்பருகில் போன நேரத்தில் மூடி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டது. வலது கையில் முழங்கைக்குக் கீழே, கழுத்தில் ஓரிடம், கொதிக்கும் பருப்பு. கண்ணில் படாதது கடவுள் புண்ணியம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. குழந்தை அப்போது தூளியில் இருந்தது, சமையலறையில் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

பிறகு அந்தக் குக்கரை எடுத்துக்கொண்டு, தெருவில் 'கேஸ் ஸ்டவ், குக்கர் ரிப்பேர்' என்று கூவிக்கொண்டு வருவாரே, அவரிடம் காட்டினேன். அவர் சேஃப்டி வால்வைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சார், இது வால்வே இல்லை. வெறும் பித்தளைத் திருகு. நடுவுல ஈயம் மாதிரி ஒண்ணு இருக்கணும், அது உருகணும். இதுல எதுவும் இல்லை. இது எப்படி உருகும்?" என்றார். அடியில் திருப்பிக் காட்டினார். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. இரண்டு நிமிட வேலை. வாங்குவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை.

தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு, 1986 டிசம்பர் 24 அன்று, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏமாந்தவர் நீதிமன்றப் படியேறாமல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் எளிதாக முறையிடலாம் என்ற நிலை அதனால்தான் உண்டாயிற்று. ஆனால் பொருட்காட்சி முடிந்ததும் ஸ்டாலைப் பிரித்துக்கொண்டு போனவரை எங்கே போய்த் தேடுவது? முகவரி தெரிந்தவன் நான் ஒருவன்தான். பரிந்துரைத்தவன்.

நாலரை நட்சத்திரம்

இந்தப் பழைய கதையைக் கிளற ஒரு காரணம் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன் எனக்கு இணையத்தில் ஒரு குக்கர் வாங்கி அனுப்பினான். "அப்பா, ஆயிரக்கணக்கான பேர் நாலரை நட்சத்திரம் குடுத்திருக்காங்க" என்றான். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகக் கவிழ்த்துப் பார்த்தேன். முத்திரை இல்லை. திருப்பி அனுப்பச் சொன்னேன். "இத்தனை பேர் நல்லாருக்குன்னு சொல்றாங்க, உங்களுக்கு மட்டும் என்னப்பா?" என்று அவனுக்கு வருத்தம். அத்தையின் கையில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று அன்றுதான் அவனுக்கு முழுதாகச் சொன்னேன்.

நான் வீண் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பது அந்த ஆண்டே தெரிந்தது. 2021 பிப்ரவரி 1 முதல் நாட்டில் விற்கும் எல்லா வீட்டுப் பிரஷர் குக்கருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசின் ஆணை இருந்தது. அதன் பிறகும் முத்திரையில்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் இரண்டு பெரிய இணையக் கடைகளுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. ஒன்றின் வழியாக 2,265 குக்கர்களும் மற்றொன்றின் வழியாக 598 குக்கர்களும் விற்றிருந்தன. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்கும்படியும் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், இணையத்தில் வரும் மதிப்புரைகளுக்கே ஒரு தர விதி வந்தது: ஐ.எஸ். 19000. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு வாங்கிக்கொண்டு புகழக் கூடாது என்பவை அதன் சாரம். குக்கருக்கு விதி எழுதிய நிறுவனமே, குக்கரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் விதி எழுத வேண்டி வந்துவிட்டது. வந்தபோது இந்த விதி கட்டாயமாக இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்றே இருந்தது.

ஆயிரம் பேர் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. குக்கர் வந்த மறுநாளே நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். 'சீக்கிரம் வந்தது, பளபளப்பாக இருக்கிறது' என்று எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் என் தங்கையின் குக்கரும் முதல் நாள் பளபளப்பாகத்தான் இருந்தது. எட்டாவது மாதத்தில் குழாய் அடைத்துக்கொண்ட காலைவேளையைப் பற்றி அந்த நட்சத்திரங்களுக்கு எதுவும் தெரியாது.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கும், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்ல, சில விஷயங்கள். இவை எல்லாம் நான் செய்து பார்த்து, இன்றும் செய்துகொண்டிருப்பவை.

குக்கர் வாங்கும்போது முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள். முத்திரையின் மேலே ஐ.எஸ். 2347 என்ற எண்ணும், அதோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்று ஒரு செயலி இருக்கிறது. அந்த உரிம எண்ணை அதில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

கேஸ்கட், சேஃப்டி வால்வு இரண்டையும் அந்தந்தக் குக்கர் நிறுவனத்தின் சரக்காகவே வாங்குங்கள். பத்து ரூபாய் குறைவு என்று வேறு எதையும் மாட்டாதீர்கள். கேஸ்கட் தளர்ந்தால் மாற்றிவிடுங்கள். இழுத்து இழுத்து ஓட்டாதீர்கள். எதுவானாலும் பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். பருப்பு போல நுரைக்கும் பொருள் பாதிக்கு மேல் வேண்டாம். விசில் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் கிட்டே போய்க் குனிந்து பார்க்காதீர்கள். முதலில் அடுப்பை அணையுங்கள். ஆவி தானாக அடங்கும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் குழாய் வழியாகப் பாருங்கள். 1974-இல் டீச்சர் சொன்னதற்கு மேல் இதில் புதிதாகச் சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை.

தங்கைக்கு இப்போது அறுபத்தாறு வயது. இன்றும் குக்கரில்தான் சமைக்கிறாள். முத்திரை உள்ளது, நல்ல குக்கர். நான் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அது புத்தகமாக இருந்தாலும், முழங்கால் வலித் தைலமாக இருந்தாலும், போனில் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பாள்:

"அண்ணே, நீ வாங்கிப் பார்த்தியா?"

பார்த்திருந்தால் ஆமாம் என்பேன். இல்லையென்றால், "இரு, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிடுவேன்.